ஓட்டிப் பார்க்காமல் விலையுயர்ந்த ரோடு சைக்கிள்: எதை எடுப்பது, யாரிடம் எடுப்பது?

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மேல்தட்டு ரோடு சைக்கிள் ஒன்றுக்குக் கேட்கும் விலையில், கொஞ்சம் ஓடிய சின்னக் கார் ஒன்றை வாங்கிவிடலாம். காரை ஓட்டிப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. சைக்கிளைத்தான் படத்தையும் அளவுப் பட்டியலையும் பார்த்து முன்பணம் கட்டுகிறோம். இதில் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஒரு மாடலில் ஆறேழு அளவு, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கியர் வகை, அப்புறம் நிறம் வேறு. இவ்வளவையும் வாங்கி அடுக்கிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஓட்டக் கொடுக்க எந்தக் கடைக்கும் கட்டுப்படியாகாது. நம் அளவில் ஒன்று வந்து இறங்குவதே ஆர்டர் கொடுத்த பிறகுதான்.

எங்கள் ஞாயிறு காலைக் குழுவில் ஓர் அண்ணன் இருக்கிறார். டொங்காட்டில் பிறந்து வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். அக்டோபரில் வரும் அமஷோவாவை, அதாவது பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து டர்பன் கடற்கரை வரையிலான 106 கிலோமீட்டரை, விடாமல் ஓட்டுகிறவர். பழைய அலுமினியம் சைக்கிளை மகனுக்குக் கொடுத்துவிட்டு நல்லதாக ஒன்று எடுக்கவேண்டும் என்றார். "தம்பி, டார்மாக்கா, டொமானியா? நீயே சொல்லு" என்று என்னிடம் கேட்டார். முன்னது ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் மாடல், பின்னது டிரெக் நிறுவனத்தின் மாடல். அதற்குச் சொன்ன பதில் நீண்டுவிட்டது. மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான்: ஓட்டிப் பார்க்க வழியில்லாதபோது, இருப்பதில் எது சிறந்த சைக்கிள் என்று தேடாதீர்கள். அளவு கொஞ்சம் பிசகிப்போனால் எதைக் குறைந்த செலவில் சரிசெய்ய முடியும் என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு இல்லையே என்று ரொம்பவும் வருத்தப்படவும் வேண்டாம். கடை வாசலில் பத்து நிமிடம் சுற்றுவதில் தெரியவருவது என்ன? டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது தெரியும். புதுச் செயின் சத்தமில்லாமல் ஓடுவது தெரியும். பழைய சைக்கிளைவிட எடை குறைவு என்பது தெரியும். கழுத்து வலியும், விரல் மரத்துப்போவதும், சீட்டில் உட்கார முடியாமல் நெளிவதும் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வருகிற சங்கதிகள். அவற்றை முன்கூட்டியே சொல்லக்கூடியது அளவு டேப்தான். பிரேக், கியர் பிடிகள் கைக்குள் எப்படி அடங்குகின்றன என்பதை அதே கியர் வகை மாட்டிய வேறு எந்தச் சைக்கிளிலும் கடையிலேயே பிடித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் பழைய சைக்கிளை அளக்கவேண்டும்

பெட்டியில் எழுதியிருக்கும் 54, 56 என்ற எண்களை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 56 இன்னொரு நிறுவனத்தின் 56 ஆகாது. சிலர் எண்ணையே விட்டுவிட்டு எழுத்துக்குப் போய்விட்டார்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி கொடுக்கும் அளவுகள் இரண்டு: ஸ்டாக், ரீச். பெடல் சுற்றும் அச்சின் மையத்திலிருந்து பிரேமின் தலைக்குழாயின் மேல் விளிம்பு வரை செங்குத்தாக எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். அதே புள்ளிகளுக்கு இடையே படுக்கைவாட்டில் எவ்வளவு தூரம் என்பது ரீச். உங்கள் கை எங்கே போய் விழும் என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. சீட்டை ஏற்றலாம், இறக்கலாம், முன்னும் பின்னும் நகர்த்தலாம். பிரேமின் ஸ்டாக்கையும் ரீச்சையும் யாராலும் மாற்ற முடியாது.

இப்போது ஓட்டும் சைக்கிளில் வலியில்லாமல் மூன்று நான்கு மணி நேரம் போக முடிகிறது என்றால், உங்களிடம் பொன்னான தகவல் இருக்கிறது. சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு நான்கு அளவுகளை எடுங்கள். பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை. அந்த அச்சுக்கு நேர்மேலே தொங்கும் நூலிலிருந்து சீட்டு மூக்கு எவ்வளவு பின்னால் என்பது. சீட்டு மூக்கிலிருந்து ஹேண்டில்பாரின் மையம் வரை. சீட்டைவிட ஹேண்டில்பார் எவ்வளவு தாழ்வு என்பது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெமின் நீளத்தையும், அதன் கீழே இருக்கும் ஸ்பேசர் வளையங்களின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வலி இருக்கிறது என்றால் இந்த அளவுகளை நகலெடுப்பதில் அர்த்தமில்லை. நல்ல ஃபிட்டர் ஒருவரிடம் பணம் கொடுத்து முதலில் உட்காரும் நிலையைச் சரிசெய்துகொள்ளுங்கள். சைக்கிள் வாங்கிய பிறகு ஃபிட் பார்ப்பதுதான் ஊர் வழக்கம். அதைத் தலைகீழாக்க வேண்டும்.

டார்மாக்கா, டொமானியா?

இனி அண்ணனின் கேள்விக்கு வருவோம். ஸ்பெஷலைஸ்டு டார்மாக் எஸ்எல்8 பந்தயத்துக்குச் செய்த சைக்கிள். அதில் 56 அளவின் ஸ்டாக் 565 மில்லிமீட்டர், ரீச் 395. டிரெக் டொமானி நெடுந்தூரத்துக்குச் செய்தது. அதே 56இல் ஸ்டாக் 591, ரீச் 377. முன்னதன் தலை 26 மில்லிமீட்டர் தாழ்வு, 18 மில்லிமீட்டர் நீளம். கேட்கும்போது பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு இல்லை.

தலைக்குழாய் நேராக நிற்பதில்லை, 73 டிகிரி அளவில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் ஸ்பேசர் போட்டு ஹேண்டில்பாரை ஒவ்வொரு 10 மில்லிமீட்டர் உயர்த்தும்போதும், அது சுமார் 3 மில்லிமீட்டர் நம் பக்கமாக வந்துவிடும். டார்மாக்கை டொமானியின் உயரத்துக்கு 26 மில்லிமீட்டர் ஏற்றினால் ரீச்சில் சுமார் 8 குறையும், 387 ஆகும். மிச்சம் 10 மில்லிமீட்டர். 100 ஸ்டெமுக்குப் பதில் 90 ஸ்டெம் மாட்டினால் அதுவும் சரி. ஆக, இரண்டு சைக்கிளிலும் கை ஒரே இடத்தில் விழும்படி செய்யலாம். தலைக்குழாயில் இருக்கும் பேரிங் தொகுதிக்கு ஹெட்செட் என்று பெயர்; அதன் மூடியின் உயரம் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், அதையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எதை எடுப்பது? அந்த இடத்துக்கு வந்துசேர ஒரு சைக்கிள் எவ்வளவு திண்டாடுகிறது என்று பார்க்கவேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் கார்பன் ஃபோர்க்குகளில் பொதுவாக 30 மில்லிமீட்டரை ஒட்டித்தான் ஸ்பேசர் போட அனுமதிப்பார்கள். அண்ணனின் பழைய சைக்கிளை அளந்து பார்த்தபோது, அவருக்கு டார்மாக்கில் 26 மில்லிமீட்டர் ஸ்பேசர் தேவைப்பட்டது. எல்லையை ஏறக்குறைய தொட்டாயிற்று. நாளைக்கு முதுகு இன்னும் கொஞ்சம் உயரம் கேட்டால் ஏற்ற இடமில்லை. டொமானியில் அதே நிலை ஸ்பேசரே இல்லாமல் வந்துவிடுகிறது. மேலே ஏற்ற 30 மில்லிமீட்டரும் கையிருப்பில் இருக்கிறது. வயது கூடக் கூடக் குனிவது குறையுமே தவிரக் கூடாது. அண்ணனுக்கு டொமானிதான்.

அதே குழுவில் இருபத்தெட்டு வயதுத் தம்பி ஒருவன், முன்பு கபடி ஆடியவன், குனிந்தால் நெற்றி முழங்காலைத் தொடும். அவனுக்கு இந்தக் கணக்கு அப்படியே திரும்பிவிடும். டொமானியில் ஸ்பேசரே இல்லாமல் போட்டாலும் அவனுக்கு ஹேண்டில்பார் உயரமாகத்தான் இருக்கும். கீழே இறக்க வழி கிடையாது. அவன் டார்மாக்கை எடுத்து 10 மில்லிமீட்டர் ஸ்பேசரோடு ஆரம்பிக்கலாம். உடம்பு நாளைக்கு எந்தப் பக்கம் கேட்குமோ அந்தப் பக்கம் இடம் மிச்சமிருக்கவேண்டும் என்பதுதான் இருவருக்கும் நான் சொன்னது.

ஓட்டும் குணத்திலும் வித்தியாசம் உண்டு. பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரையிலான பின்பக்கக் குழாய் டார்மாக்கில் 410 மில்லிமீட்டர், டொமானியில் 420. டொமானியின் பெடல் அச்சு சற்றுத் தாழ்வாகவும் இருக்கும். முன்னது சட்டென்று திரும்பும், பின்னது நேர்கோட்டில் அமைதியாகப் போகும். ஹில்க்ரெஸ்ட் தாண்டி இறங்கும்போது குறுக்கே காற்று அடித்தால் அந்த அமைதி பிடித்துப்போகும்.

டயருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை நான் பிரேமின் பொருளைவிட முக்கியமாக நினைக்கிறேன். டார்மாக் எஸ்எல்8இல் 32 மில்லிமீட்டர் வரை போடலாம், டொமானியில் 38 வரை. சொகுசு என்று விளம்பரங்கள் விற்பதில் பெரும்பங்கு டயரின் அகலமும் காற்றழுத்தமும்தான். எம்4 சாலையில் உம்ஷ்லாங்கா வழியாக பாலிட்டோவுக்கு மட்டும் போய்வருகிறவருக்கு 28 போதும். இன்சாங்கா பக்கத்துப் பழைய சாலையில் ஒட்டுப்போட்ட தார் மேல் போகிறவர் 32க்கு இடம் கேட்கவேண்டும். ரிம் ஓரத்தில் கொக்கி இல்லாத வகையாக இருந்தால், அதில் 5 பார் (காற்றழுத்த அலகு) அளவுக்கு மேல் காற்று அடிக்கக்கூடாது. உடல் கனமானவர்கள் அந்த ரிம்மில் 28 டயரோடு நிறுத்திக்கொள்ளாமல் 30, 32 என்று போவது நல்லது. ஸ்பெஷலைஸ்டு ரூபேயில் ஹேண்டில்பாருக்குக் கீழே 20 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள், டயரும் 40 வரை கொள்ளும். ஆனால் பராமரிக்கவேண்டிய பாகம் ஒன்று கூடுகிறது. கை மணிக்கட்டில் பழைய அடி இருப்பவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

எடையைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 83 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிட ஏற்றத்தில் ஒரு கிலோ குறைவதால் மிச்சமாவது ஏழு விநாடி. அந்த ஏழு விநாடிக்கு எவ்வளவு ராண்ட் கொடுப்பது என்று அவரவர் முடிவு செய்யட்டும்.

ஒன்றாக வார்த்த ஹேண்டில்பார்: இங்கேதான் கவனம்

மேல்தட்டு மாடல்கள் பலவற்றில் ஸ்டெமும் ஹேண்டில்பாரும் ஒரே கார்பன் துண்டாக வருகின்றன. பிரேக் குழாய்கள் அதற்குள் புகுந்து, ஹெட்செட் வழியாகப் பிரேமுக்குள் போகும். பார்க்க அழகு, காற்றையும் நன்றாகக் கிழிக்கும். ஓட்டிப் பார்த்து வாங்குகிறவருக்கு அது சரி. நம்மைப் போல ஆர்டர் கொடுத்து வாங்குகிறவருக்கு அது பொறி. ஸ்டெம் 10 மில்லிமீட்டர் நீளமாகிப்போனால் முழுத் துண்டையும் மாற்றவேண்டும். பிரேக் குழாயைக் கழற்றி, எண்ணெய் மாற்றி, காற்றை வெளியேற்றி, மறுபடி பூட்டவேண்டும். பாகத்தின் விலையும் கூலியும் சேர்ந்தால் நடுத்தர சைக்கிளின் ஒரு பகுதி விலை வந்துவிடும். தனித்தனி ஸ்டெமும் ஹேண்டில்பாரும் இருந்து, குழாய்கள் ஸ்டெமுக்கு அடியில் ஓடினால், அரை மணி நேர வேலை.

கடலோரத்தில் இருக்கிற நமக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. உப்புக்காற்றும் வியர்வையும் ஹெட்செட் பேரிங்கைத் தின்னும். குழாய்கள் எல்லாம் அதன் வழியே போகும் அமைப்பில், அந்தச் சின்னப் பேரிங்கை மாற்றுவதற்கே பிரேக்கைப் பிரிக்கவேண்டிவரும். ஒரே மாடலில் இரண்டு வகையும் கிடைத்தால், ஒரு படி கீழே இருக்கும் தனித்தனி வகையைக் கேட்டு வாங்குங்கள். மிச்சப்படும் பணத்தைச் சக்கரத்தில் போடலாம்.

கியர் விஷயத்தில் அதிகம் யோசிக்கவேண்டாம். இன்றைய ஷிமானோ அல்டெக்ராவும் டூரா-ஏஸும் மின்சார கியர்தான், ஸ்ராமின் மேல் வகைகளும் அப்படித்தான். எல்லாமே நன்றாக மாறும். பல்லெண்ணிக்கையை மட்டும் பாருங்கள். முன்னால் 36, பின்னால் 30 என்றால் மிகச் சுலபமான கியர் 1.2. முன்னால் 34, பின்னால் 34 என்றால் 1.0. போத்தாஸ் ஹில் ஏற்றத்தில் அந்த வித்தியாசம் தொடைக்குத் தெரியும். பெடல் மாட்டியிருக்கும் கையின் (கிராங்க்) நீளத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய சைக்கிளில் இருப்பதைவிட நீளமாக வேண்டாம்.

யாரிடம் வாங்குவது

உள்ளூர்க் கடை, நேரடியாக இணையத்தில் விற்கும் நிறுவனம், பிறர் ஓட்டி விற்கும் பழைய சைக்கிள் என்று மூன்று வழிகள் இருக்கின்றன.

இணைய விற்பனைக்குப் பெயர்போனது ஜெர்மனியின் கோப்லென்ஸிலிருந்து வரும் கேன்யன். ஒரே விலைக்கு அவர்கள் கொடுக்கும் சக்கரமும் கியரும் கடைச் சைக்கிளைவிடப் பெரும்பாலும் ஒரு படி மேலே இருக்கும். எழுத்தில் அளவு போடுவார்கள். அவர்களின் எம் அளவு மற்றவர்களின் 56க்குப் பக்கத்தில் வரும், அதனால் வழக்கமாக எல் எடுக்கிற ஆள் கவனமாக இருக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து நீங்களே தருவிப்பதாக இருந்தால் வரிக் கணக்கைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். இங்கே 15 சதவீத வாட் வரியைப் பொருளின் விலைமேல் மட்டும் போடுவதில்லை. சுங்க மதிப்போடு அதில் 10 சதவீதத்தைக் கூட்டி, சுங்கத் தீர்வையையும் சேர்த்து, அந்தத் தொகையின்மேல் போடுகிறார்கள். 1,00,000 ராண்ட் மதிப்புள்ள சைக்கிளுக்குத் தீர்வையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் வாட் 16,500 வரும்.

திருப்பிக் கொடுக்கும் உரிமையில் இணையத்துக்கு ஒரு சாதகம் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டப்படி, இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. உங்களுக்கென்றே அளவெடுத்தோ நிறம் சொல்லியோ செய்ததற்கு இது பொருந்தாது. டைட்டானியத்தில் அளவெடுத்துச் செய்யச் சொல்கிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். அதனால் பெட்டி வந்ததும் முதல் வேலை சாலையில் இறக்குவதல்ல. வீட்டுக்குள்ளேயே பூட்டி, அந்த நான்கு அளவுகளையும் வைத்துப் பாருங்கள். டயரில் மண் ஒட்டிவிட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். கடையில் போய் நேரில் வாங்குகிறவருக்கு இந்த ஏழு நாள் கிடையாது. பழுது என்றால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருவருக்கும் உண்டு: ஆறு மாதத்துக்குள் பழுதுபார்ப்பு, மாற்று, பணம் என்ற மூன்றில் ஒன்றை வாங்கியவர் தேர்ந்தெடுக்கலாம். அளவு பொருந்தாதது பழுது ஆகாது.

ஆனாலும் அண்ணனைக் கடைக்குத்தான் அனுப்பினேன். காரணம் 2021இல் நடந்த இரண்டு சம்பவங்கள். அந்த மார்ச்சில் பெல்ஜியத்தில் நடந்த லெ சாமின் பந்தயத்தில் பந்தய வீரர் மாத்யூ வான் டெர் போல் ஓட்டிய கேன்யன் சைக்கிளின் ஹேண்டில்பார் ஓட்டத்திலேயே உடைந்தது. கேன்யன் தன் ஏரோட் மாடல் வாடிக்கையாளர்களிடம் ஓட்டுவதை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பெஷலைஸ்டு டார்மாக் எஸ்எல்7இன் ஃபோர்க் குழாய் விஷயத்தில் திரும்ப அழைப்பு விடுத்தது. பெரிய நிறுவனங்கள் இரண்டுக்கும் வரக்கூடியதுதான் வந்தது, இதில் யாரும் உயர்வு தாழ்வு இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு கடைக்காரர் முன்னால் நிறுத்த முடிகிறதா, அல்லது மின்னஞ்சலும் கூரியருமாக அலையவேண்டுமா என்பதுதான் நமக்கு வித்தியாசம். கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அவர்கள் இணையத்தில் தாராளமாக வாங்கலாம்.

கடையில் விலை பேசித் தள்ளுபடி வாங்குவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். இந்த முறை ரொக்கத் தள்ளுபடியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வேறொன்றைக் கேளுங்கள்: மாட்டி வரும் ஸ்டெம், ஹேண்டில்பார் அகலம், பின்பல் சக்கரம், சீட்டு ஆகியவற்றை என் அளவுக்குக் கூலியில்லாமல் மாற்றித் தரவேண்டும் என்று. ஆர்டர் போடும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். முன்பணம் வாங்குவதற்கு முன்பு எந்தக் கடைக்காரரும் இதற்குச் சம்மதிப்பார். பிறகு கேட்டால் பில் வரும்.

பழைய சைக்கிள்தான் வேடிக்கை. இந்த மூன்றில் ஓட்டிப் பார்க்க முடிவது அது ஒன்றைத்தான். வெஸ்ட்வில்லில் யாராவது விற்கிறார் என்றால் உங்கள் பெடலையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரம் ஓட்டிக் கேட்கலாம். வாங்காவிட்டாலும் அந்த மாடல் உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். வாங்குவதானால் பிரேம் எண்ணைச் சரிபாருங்கள், திருட்டு வண்டியாக இருக்கக்கூடாது. கார்பன் கீழே விழுந்ததா என்பதை வெளிப்பூச்சை வைத்துச் சொல்ல முடியாது. பிரேமுக்கான ஆயுட்கால உத்தரவாதம் பல நிறுவனங்களில் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். விலை பாதியாக இல்லாவிட்டால் இந்த வழியில் நான் இறங்கமாட்டேன்.

ஓட்டிப் பார்க்க இன்னொரு குறுக்கு வழி, மார்ச் மாதம் 109 கிலோமீட்டர் கேப் டவுன் சைக்கிள் டூருக்குப் போகிறவர்களுக்கு. அங்கே கார்பன் ரோடு சைக்கிள்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. சொந்தச் சைக்கிளைப் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்றும் பாட்டுக்கு, வாங்க நினைக்கும் வகையை வாடகைக்கு எடுத்துச் சாப்மன்ஸ் பீக்கில் ஏற்றிப் பார்க்கலாம்.

வண்டி வருகிற நாளுக்கு முன்பே காப்பீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். வீட்டுச் சாமான் காப்பீட்டில் சைக்கிள் தானாகச் சேர்ந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். பெயரும் மதிப்பும் பிரேம் எண்ணும் போட்டுத் தனியாக எழுதச் சொல்லவேண்டும், பந்தயத்தில் ஓட்டும்போது செல்லுமா என்பதையும் கேட்கவேண்டும்.

அப்புறம், அண்ணனிடம் கடைசியாகச் சொல்லியனுப்பியது: ஃபோர்க் குழாயை உடனே வெட்ட விடாதீர்கள். பூட்டும்போது மேலே நீண்டிருக்கும் குழாயை அளவாக வெட்டித் தருவது கடைகளில் வழக்கம். ஒரு முறை வெட்டினால் உயரம் போனது போனதுதான். மிச்ச ஸ்பேசர்களை ஸ்டெமுக்கு மேலே அடுக்கி, இரண்டு மாதம் அப்படியே ஓட்டிவிட்டு, உடம்பு ஒரு நிலைக்கு வந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். கொம்பு முளைத்த மாதிரி இருக்கிறது என்று குழுவில் கிண்டல் செய்வார்கள், அதில் நானும் ஒருவனாக இருப்பேன். அண்ணன் அதற்குச் சரி என்றுவிட்டார்.